ஒற்றை ஆணிக்கு ஒரு படம்

அன்பு மகள் எலிக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், என் வலது முழங்கால் மட்டும் எங்கள் இரண்டு பேரோடும் சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் சளி இருமல் அண்டாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. உன் மாமனாரின் நலத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவர் நலமாக இருக்கிறார் என்கிற செய்தி தினமும் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் குடும்பக் குழுவில் படத்தோடு வந்து விழுந்துவிடுகிறது. இன்று காலை வந்ததில் மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார், அத்தனை முடியும் காற்றில் பறக்கிறது. என்னைவிட மூத்தவர். என் தலையில் காற்று பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆண்டவன் சிலருக்கு முடியையும் கொடுத்து, ஸ்கேனரையும் கொடுத்து, அதை ஓட்டுகிற புத்தியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான், என்ன செய்வது.

போனில் பேசாமல் எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் போடுகிறாள், குழுவில் எழுதினால் உன் மாமனார் படித்துவிடுகிறார், உன் அம்மாவின் அருமைத் தம்பி, உன் மாமா, படித்துவிட்டுச் சிரிக்கிற பொம்மை போடுகிறான். இது உனக்கு மட்டும். இந்த உறைக்குள் ஒரு படமும் வைத்திருக்கிறேன், கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டாயா? எனக்குத் தெரியும், உன்னை வளர்த்தவன் நான். சரி, திரும்ப உள்ளே வை.

எல்லாம் நீ ஆரம்பித்துவைத்ததுதான். புது வீட்டுக்காரர் சுவரில் ஒரே ஒரு ஆணிக்குத்தான் அனுமதி என்று கறாராகச் சொல்லிவிட்டார், அந்த ஆணியை வாண்டுவின் கட்டிலுக்கு மேலே அடிக்கப்போகிறோம், இரண்டு தாத்தாவும் ஆளுக்கு ஒரு பழைய படம் அனுப்புங்கள், அவளுக்கு எது பிடிக்கிறதோ அதை அவளே எடுத்து மாட்டிக்கொள்ளட்டும் என்று போனில் சொன்னாயே, நினைவிருக்கிறதா. நீ விளையாட்டாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். இங்கே அன்றைக்கே போர் மூண்டுவிட்டது. ஒரு ஆணி, இரண்டு தாத்தா. தினமும் கண் விழித்ததும் என் பேத்தி யார் கொடுத்த படத்தைப் பார்ப்பாள் என்பதுதான் கேள்வி. எனக்கு அது சின்னக் கேள்வியாகப் படவில்லை. அவள் வீடியோவில் அவரைப் பார்த்தால் "தாத்தா" என்கிறாள், என்னைப் பார்த்தால் "கண்ணாடித் தாத்தா" என்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அது பொருத்தமான பட்டம்தான், இருந்தாலும் அவர் வெறும் தாத்தா, நான் அடைமொழி போட்ட தாத்தா. அடைமொழி இல்லாதவர்தானே அசல்?

உன் மாமனார் மறுநாளே முதல் குண்டைப் போட்டார். மாப்பிள்ளை நாலு வயதில் எடுத்த படம், பக்கத்திலேயே வாண்டுவின் படம், இரண்டையும் ஒரே அளவில் ஒட்டி, சர்வேயராக வேலை பார்த்தவர் இல்லையா, நெற்றியிலிருந்து புருவத்துக்கு ஒரு கோடு, புருவத்திலிருந்து மூக்குக்கு ஒரு கோடு என்று நிலம் அளப்பது போலக் கோடு கிழித்து, கீழே "உரிச்சு வச்ச மாதிரி இருக்கு, அளந்து பாத்தாச்சு" என்று எழுதியிருந்தார். பழைய நெகட்டிவை எல்லாம் தானே வீட்டில் ஸ்கேன் பண்ணுகிறாராம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு தூசு இல்லை. நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு கீறலாவது கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா, "வயிறு சரியில்லையா?" என்றாள். வயிறு சரியாகத்தான் இருந்தது, எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. வாண்டு சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழும். மாப்பிள்ளைக்கு எந்தக் கன்னத்திலும் குழி கிடையாது, உன் மாமனார் எத்தனை கோடு கிழித்தாலும் குழி தோண்ட முடியாது. உனக்குத்தான் குழி உண்டு. ஆகவே உன் குழியைத் தேடிக் கிளம்பினேன். நம் வீட்டு நெகட்டிவ் எல்லாம் பீரோவின் மேல் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. ஸ்கேனருக்கு எங்கே போவது? என் கடைக்கு மேல்மாடியில் பல் டாக்டர் இருக்கிறாரே, அவர் முன்பெல்லாம் பல் எக்ஸ்ரேவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு தட்டை ஸ்கேனர் வைத்திருந்தார், பார்ப்பதற்குக் குட்டி ஜெராக்ஸ் மெஷின் மாதிரி இருக்கும், கீழே கண்ணாடி, மேலே மூடி. இப்போது வேறு மெஷின் வந்துவிட்டதாம், இது சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எத்தனை பேருடைய சொத்தைப் பல் படுத்த படுக்கை அது. அதில்தான் நம் குடும்பத்தைப் படுக்கவைத்தேன்.

நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் குடும்பமே பேய்க்கூட்டமாக இருக்கிறது, முடி வெள்ளை, பல் கறுப்பு. கண்ணாடி மேல் வைத்து மூடியை மூடிப் பித்தானை அமுக்கினேன். அது முனகி முனகி ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் நான் ஒரு ஆளுக்கு இரண்டு கண்ணும் சோதித்து அனுப்பிவிடலாம். வந்தது என்ன தெரியுமா? கன்னங்கரேல் என்று ஒரு கட்டம். அடுத்ததும் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. மாடிக்கு ஓடினேன். டாக்டர் ஒருவருடைய வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவர், தலையைத் திருப்பாமலே, "மூடிக்கு உள்பக்கம் வெள்ளை அட்டை ஒண்ணு இருக்குமே, அதை உருவுனீங்களா? ஃபிலிமுக்கு வெளிச்சம் மேல இருந்து வரணும் சார், அந்த விளக்கு அட்டைக்குப் பின்னாடி இருக்கு. வாயைத் தெறக்காம பல்லு பாக்க முடியுமா?" என்றார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த ஆளும் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினார்.

அட்டையை உருவினேன், விளக்கு எரிந்தது, படம் வந்தது. எலிக்குட்டி, நீ என் மடியில் உட்கார்ந்திருக்கிறாய், நாலு வயது, வாயெல்லாம் பல், வலது கன்னத்தில் குழி. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நான் எடுத்த படங்களில் நான் எப்படி இருப்பேன், அந்த ஒரு படம் மட்டும் உன் மாமா எடுத்தது, அதனால்தான் நானும் இருக்கிறேன். தலையில் முடி இருந்த என்னைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. யாரிடமும் காட்டவில்லை, நேராகக் குழுவில் போட்டேன். "வலது கன்னத்துக் குழி, தாய்வழிச் சொத்து, பத்திரம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதினேன். ஜெயித்துவிட்டேன் என்று காப்பி போட்டுக் குடித்தேன்.

காப்பி பாதியில் இருக்கும்போது உன் மாமனார் எழுதினார். எப்போதும் போல மரியாதையாகத்தான். "சம்பந்தி, படம் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். சட்டைப் பையை வலது பக்கம் வச்சுத் தைக்கிற டெய்லர் யாருன்னு சொன்னீங்கன்னா நானும் ஒண்ணு தைச்சுக்குவேன்." பார்த்தேன். என் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அதற்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல், மாற்றி வைத்தால் உலகமே இடம் வலமாக மாறிவிடும். குழியும் மாறிவிட்டது. உனக்குக் குழி இடது கன்னத்திலாம். உன் அம்மாதான் சொன்னாள், அதோடு விட்டாளா, "பெத்த பொண்ணுக்குக் குழி எந்தப் பக்கம்னு தெரியாது, இவரு ஊருக்கெல்லாம் கண்ணு சோதிக்கறாரு" என்றாள். உன் மாமா சிரிக்கிற பொம்மையை ஒரு வரிசை முழுக்கப் போட்டிருந்தான். நான் கடைக்குப் போய் அன்று வந்த எல்லாருக்கும் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக் கொடுமைப்படுத்தினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பொறாமைக்காரனுக்கு நிறுத்தத் தெரியுமா. டின்னின் அடியில் ஸ்லைடுகள் கிடந்தன, உன் அம்மாவின் அப்பா எடுத்தவை, சின்ன அட்டைச் சட்டம் போட்டிருக்கும், அதில் நிறம் நேராகவே தெரியும், வெள்ளை வெள்ளை, கறுப்பு கறுப்பு. எந்த ஸ்லைடிலும் வருஷமோ பெயரோ எழுதியிருக்கவில்லை, பேத்தி உன்னையும் எடுத்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். பிரம்பு நாற்காலியில் ஒரு குழந்தை, மஞ்சள் ஃப்ராக், கீழுதடு துருத்திக்கொண்டு ஒரு பாதிச் சிரிப்பு, வலது காது மட்டும் விடைத்துக்கொண்டு, வலது கன்னத்தில் குழி. வாண்டுவேதான். உனக்குக் குழி இடது கன்னத்தில் என்று உன் அம்மா சொன்னதுதான் தப்பு என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த ஃப்ராக்கை மட்டும் மாற்றிவிட்டால் நேற்று எடுத்த படம் என்று சொல்லலாம். இந்த முறை பளபளப்பு எது மங்கல் எது என்று மூன்று தரம் பார்த்தேன், கடையிலிருந்து ரப்பர் பந்தைக் கொண்டுவந்து தூசு ஊதினேன், கண்ணாடி துடைக்கிற துணியால் ஸ்கேனரைத் துடைத்தேன், எல்லாம் சரி. ஒன்றே ஒன்று மட்டும் செய்யவில்லை, உன் அம்மாவிடம் கேட்கவில்லை. "என் மகள். இதையும் அளந்து பார்க்கலாம்" என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

உடனே பதில் வந்தது, உன் மாமனாரிடமிருந்து இல்லை, உன் மாமாவிடமிருந்து. "அத்தான், அந்த ஃப்ராக் அக்காவோடது. உள்ள இருக்கிறது நான்."

தங்கச்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவளுக்குத் தம்பி பிறந்துவிட்டானாம், ஆகவே உன் அம்மா தன் பழைய ஃப்ராக்கை எல்லாம் அவனுக்கு மாட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டாளாம். இத்தனை வருஷம் இதை என்னிடம் சொல்லவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. உன் மாமனார் இருக்கிறாரே, நான் தோற்கிறேன் என்றால் தன் கொடியையும் இறக்கிவிடுவார், "ஆஹா, அவ அம்மாவோட தாய்மாமன் ஜாடை! அளக்கவே வேண்டாம். நான் ஒத்துக்கறேன் சம்பந்தி" என்று எழுதிவிட்டார். உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, "என் தம்பி முகம், என் தம்பி முகம்" என்று ஸ்கேனருக்கே திருஷ்டி கழித்துவிடுவாள் போல இருந்தது. யோசித்துப் பார், வாண்டு நம் பக்கம்தான் என்று நான் சொல்ல வேண்டுமானால் அவள் உன் மாமாவைப் போல இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவனைப் போல! எந்த விசேஷம் என்றாலும் "தம்பி, கேமராவை எடுத்துட்டு வந்துடு" என்று உன் அம்மா முதலில் போன் போடுவாளே, அவனைப் போல. என் கையில் கேமரா தொங்கிக்கொண்டிருக்கும்போதே போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது முள். நானும் படம் எடுக்கிறவன்தானே, என்னிடம் என்ன குறை, என் படத்தில்தானே எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவன் படத்தில் எல்லாரும் பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பது போல நிற்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

சரி, யார் முகமும் வேண்டாம், நான் எடுத்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ஆணிக்கு அனுப்புவோம் என்று முடிவுசெய்தேன். ஸ்கேன் பண்ணப் பண்ண, அதுவரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு தொல்லை. படத்தின் மேல் மூலையில் பெரிய கறை. சில படத்தில் கறுப்பாக, ஃப்ளாஷ் போட்டு எடுத்ததில் இளஞ்சிவப்பாக, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி மங்கலாக ஒன்று. கண்ணாடியைத் துடைத்தேன், மூடியைத் துடைத்தேன், விளக்கைத் துடைத்தேன், போகவில்லை. அதுவும் ஃபிலிமைத் தப்பாகத் திருப்பிப் போட்ட நாட்களில் வலது மூலையில் இருந்த கறை, சரியாகப் போட்டதும் இடது மூலைக்கு வந்துவிட்டது. உள்ளே ஏதோ பூச்சி ஊர்கிறது என்று நினைத்தேன். ஸ்லைடில் கறை இல்லை, நெகட்டிவில் மட்டும் இருக்கிறது, இரண்டுக்கும் வேறு வேறு பிளாஸ்டிக் சட்டம், ஆகவே நெகட்டிவ் சட்டத்தில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். உன் மாமா எடுத்த அந்த ஒரு படம் மட்டும் சுத்தமாக இருந்தது, அதுவும் நெகட்டிவ்தான். அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டேன், அவனுக்கு எல்லாவற்றிலும் அதிர்ஷ்டம்தானே. எத்தனை பேருடைய பல் கறையை இந்த மெஷினில் ஏற்றினாரோ, ஓட்டை மெஷினை என் தலையில் கட்டிவிட்டார் டாக்டர், அதனால்தான் இனாமாகத் தந்தார் என்று சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே ஸ்கேனரைத் தூக்கி மூட்டைகட்ட ஆரம்பித்தேன்.

உன் அம்மா கையில் கத்தரிக்காயோடு வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாவம், அந்த டாக்டரைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆல்பத்தை எடுத்துவந்து மேஜை மேல் விரித்தாள். "நீங்க எடுத்த படத்தையெல்லாம் அளந்து பாருங்க, உங்க சம்பந்தி மாதிரி" என்றாள். அளக்கத் தேவையில்லை. நான் எடுத்தவை எல்லாம் ஒல்லியாக இருந்தன. உன் மாமா எடுத்தவை முழு அகலம். உன் அம்மாவுக்கு ஒல்லிப் படம் பிடிக்கும் போல, அழகுக்காக ஓரம் வெட்டி ஒட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நல்ல ரசனை என்று ஒருமுறை பாராட்டியும் இருக்கிறேன். "அது கறை இல்லீங்க. உங்க வெரலு. இடது கை ஆள்காட்டி வெரலு. கல்யாணத்துல இருந்து அதைக் கத்தரிச்சுக் கத்தரிச்சு எனக்குக் கை வலிக்குது" என்றாள்.

எலிக்குட்டி, அந்தக் கேமராவில் பார்க்கிற துவாரம் ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம். நான் துவாரத்தில் பார்க்கிறேன், எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது, லென்ஸின் வாசலில் என் விரல் நிற்பது எனக்குத் தெரியவில்லை. ஸ்டுடியோவிலிருந்து பிரிண்ட் வாங்கி வருவது எப்போதும் உன் அம்மா. வரும் வழியிலேயே அவள் அம்மா வீட்டில் இறங்கி, அங்கே கத்தரிக்கோலால் என் விரலை வெட்டிவிட்டுத்தான் நம் வீட்டுக்குக் கொண்டுவருவாளாம். அந்த வீடு முழுக்கத் தெரியும். உன் மாமாவுக்குத் தெரியும். எனக்கு அங்கே ஒரு பெயர்கூட உண்டாம், இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் புழங்குகிற பெயர். "முக்கால் படம்." முக்கால் படம் வந்தாரா, முக்கால் படம் சாப்பிட்டாரா என்றுதான் பேசிக்கொள்வார்களாம். தன் விரல் நுனி தெரியாத ஆயிரம் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவன் நான், என் விரல் எனக்குத் தெரியவில்லை.

கோபித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன், செருப்பு மாட்டிக்கொண்டேன், எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப வந்தேன். "அவனுக்குச் சொன்னே, எனக்கு ஏன் சொல்லல?" என்றேன். உண்மையில் எனக்கு அதுதான் எரிந்தது, விரல் இல்லை. உன் அம்மா கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "சொல்லியிருந்தா நீங்க அதுக்கப்புறம் கேமராவைத் தொட்டிருப்பீங்களா? ரோஷக்காரரு. தம்பி எடுத்தா நாங்க எல்லாரும் நிமிர்ந்து உக்காருவோம். நீங்க கேமராவைத் தூக்கினாலே எதிர்ல நிக்கிற எங்களுக்கு அந்த வெரலு தெரியும். லென்ஸுக்கு முன்னாடி கொழுக்குமொழுக்குன்னு. நீங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சிரிங்க சிரிங்கன்னு வேற சொல்லுவீங்க. எப்படிச் சிரிக்காம இருக்கிறது? அந்தச் சிரிப்பு வேணும்னுதான் சொல்லல. நல்ல படம் வேணும்னா தம்பிக்குப் போன் போட்டுக்கலாம்ல."

நான் திரும்ப ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாக "என் கேமரா முன்னால் நின்றால் சிரிப்பு தானாக வரும்" என்று பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன், உன் மாமனாரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். தானாக வந்ததுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு படமாக வெட்டாமல் முழுசாகப் பார்த்தேன். ஒரு படம் உனக்கும் நினைவிருக்கும், ஆல்பத்தில் இருக்கிறது, நம் கடை வாசல்படியில் நீ உட்கார்ந்திருப்பாய், ஒரு காலில் மட்டும் சாக்ஸ், ஒரு கையை நீட்டி எதையோ காட்டிச் சிரிப்பாய். நீ ஏதோ காக்கையைக் காட்டுகிறாய் என்றுதான் இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காக்கை இல்லை. வெட்டாத படத்தில் மேல் மூலையில் என் விரல் இருக்கிறது, நீ அதைத்தான் காட்டுகிறாய். "அப்பா, வெரலு, வெரலு" என்று கத்தினாயாம், உன் அம்மா சொல்கிறாள். நான், "ஆமாம்டா செல்லம், வெரலு, சிரி சிரி" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டேனாம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. இரண்டு வாரம் முன்னால் எனக்கு மட்டும் ஒரு புலம்பல் அனுப்பியிருந்தாய், "இவ கையில போனைக் குடுக்க முடியலப்பா, கண்டபடி எடுக்கறா, எல்லாத்துலயும் வெரலு" என்று, வாண்டு எடுத்த நாலைந்து படத்தோடு. நான் அப்போது உன் மாமனாரின் கோடுகளில் மூழ்கியிருந்ததால் ஒழுங்காகப் பார்க்கவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். நீ சமையலறையில் கை ஈரத்தோடு நிற்கிறாய், முடி கலைந்திருக்கிறது, வேலைக்குப் போய்விட்டு வந்த அலுப்பு கண்ணுக்குக் கீழே இருக்கிறது, சரியாகச் சாப்பிடுகிறாயா இல்லையா என்று அப்புறம் கேட்கிறேன். ஆனால் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாய், இடது கன்னத்தில் குழி விழ. மேல் மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு சின்ன உருளைக்கிழங்கு. இடது மூலை. நீ அங்கே போனதிலிருந்து அனுப்பிய எந்தப் படத்திலும் அப்படி நீ சிரித்து நான் பார்க்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எலிக்குட்டி அது.

முகத்தை உன் மாமாவே வைத்துக்கொள்ளட்டும். புருவத்தை உன் மாமனாரே அளந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த விரல் என்னுடையது. அதற்கு இன்னொரு வாரிசுதாரர் வர முடியாது, உன் மாமனார் எடுத்த படம் ஒன்றில்கூட ஒரு மயிரிழை உள்ளே வந்ததில்லை, அவர் குறையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லாத மனிதர், பாவம். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதே, காலையில் மொட்டைமாடிப் படம் வந்ததும் அது போய்விட்டது.

ஆகவே ஆணிக்கு என் சார்பில் உறைக்குள் இருப்பது அந்தப் படிக்கட்டுப் படம்தான், முழு அகலம், கத்தரிக்கோல் படாதது. ஸ்டுடியோக்காரர் பிரிண்ட் போடும்போது "சார், மூலையில இது என்னமோ இருக்கு, எடுத்துடட்டுமா, கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை" என்றார். கையைப் பிடித்துத் தடுத்தேன். நான் எடுத்த படம் எதிலும் நான் இல்லை என்று ஒரு குறை எனக்கு இருந்தது. எல்லாவற்றிலும் இருந்திருக்கிறேன், உன் அம்மாதான் வெட்டி வெட்டி வெளியே போட்டுவிட்டாள். வாண்டு உன் மாமனாரின் படத்தையே எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், பொய், நிறைய நினைப்பேன், ஆனால் இரண்டு படத்தையும் காட்டும்போது நீ வாயைத் திறக்காதே, இது யார் கொடுத்தது என்று சொல்லாதே. மூலையில் இருப்பது என்ன என்று அவளே கேட்டால் மட்டும் சொல்லு.

இனி வழக்கமானவை. ராத்திரி வேலை முடிந்து வந்தால் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே. மாப்பிள்ளைக்குக் கண் எரிகிறது என்றாயே, பவர் கூடியிருக்கும், பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு. உன் அம்மா மூட்டுவலித் தைலம் கேட்கிறாள், எனக்குத்தான், அவள் பேரில் கேட்கிறேன். பல் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் நான் திட்டியதே தெரியாமல் என் கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டும் என்கிறார். உன் மாமா போன் பண்ணினால் அந்த ஃப்ராக் படம் வந்து சேர்ந்ததா என்று கேட்பான், உன் அம்மா ரகசியமாக அனுப்பியிருப்பாள், அதை அச்சடித்து வைக்காதே, ஒரே ஒரு ஆணி என்று வீட்டுக்காரர்மேல் பழியைப் போட்டுவிடு.

உன் வீட்டில் குறைவில்லாமல் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும், குழந்தை ஓடியாடி வளரட்டும், நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து உட்காரச் சொல்லாமல் பல்லாண்டு வாழ எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். மறக்காமல் இரண்டு விஷயம். சட்டம் போடுகிறவர் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் படம் எடுப்பாக இருக்கும் என்பார், விடாதே, கூடவே நின்று பார். இன்னொன்று, வாண்டு போனைத் தூக்கும்போது விரலை நகர்த்து என்று யாரும் சொல்லக் கூடாது. சிரித்துக்கொண்டு நில்லுங்கள். உன் மாமனாரிடம் இதில் எதையும் காட்டிவிடாதே, நாளைக்கே அளந்து பார்த்து அவரும் விரல் வைக்கப் பழகிவிடுவார்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா
முக்கால் படம்